யாழ்ப்பாணத்தில் புற்றுநோய் நிதிக்கு நடைபவனி வைக்க என்ன ஒழுங்கு செய்யவேணும்?

முதலில் தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலையிடமோ, நீங்கள் உதவ நினைக்கும் அமைப்பிடமோ தேவை என்னவென்று எழுத்தில் வாங்குங்கோ. கேளாமல் வாங்கிய கருவி மூலையில்தான் கிடக்கும். அந்த வைத்தியசாலைக்கே 2011இல் இலங்கையின் தென்கோடியான தெய்வேந்திரமுனையிலிருந்து வடகோடியான பருத்தித்துறை வரை 27 நாள் நடந்துதான் நிதி சேர்த்தார்கள்.

யாழ் நகரிலிருந்து காங்கேசன்துறை வீதியால் தெல்லிப்பழைக்கு ஏறத்தாழ 15 கிலோமீற்றர். நடக்க நாலு மணித்தியாலம். விடிய 5.30க்கு வெளிக்கிடுங்கோ, பிந்தினால் சுன்னாகத்திலேயே வெயில் சுடும். ஆளுக்கு மணிக்கு அரை லீற்றர் தண்ணீர். 100 பேருக்கு 200 லீற்றர். பொலிஸ் அனுமதிக்கு முன்கூட்டியே கடிதம் குடுங்கோ.

சிக்கல் வருவது காசில்தான். பற்றுச்சீட்டுப் புத்தகம் தொடரிலக்கத்தோடு, காபன் பிரதியோடு அடியுங்கோ. எந்த இலக்கம் ஆரிடம் போனதென்று கையெழுத்து வாங்குங்கோ. திரும்பாத ஒரு புத்தகம் போதும், ஊர்க்கதை கிளம்ப. உண்டியல் வாயைத் தவிர மற்றதெல்லாம் நாடா ஒட்டி, அதன்மேல் இருவர் கையெழுத்து. எண்ணுவது அங்கேயே, மூன்று பேர் முன்னால். ஒருத்தர் வீட்டுக்குக் கொண்டுபோய் அல்ல. அடுத்த வேலைநாளே முழுத்தொகையும் வங்கியில். செலவை உண்டியலிலிருந்து எடுக்கவே கூடாது, அதுக்கு அனுசரணையாளரைப் பிடியுங்கோ.