பெட்டிகளின் பிடி

கேள்வி: கவரைப்பேட்டையில், நின்றிருந்த சரக்கு ரயிலின் மீது விரைவு ரயில் மோதியும் யாரும் இறக்கவில்லை, எல்எச்பி என்ற புதிய வகைப் பெட்டிகளே காரணம் என்றார்கள். அதே வகைப் பெட்டிகள்தானே பாலசோரிலும் இருந்தன? அங்கே ஏன் அத்தனை சாவு?
- வாசகி, கும்மிடிப்பூண்டி

பதில்: ரயில் மோதலில் மிகவும் அஞ்சத்தக்கது, ஒரு பெட்டி அடுத்த பெட்டியின் மேல் ஏறி அதன் உள்ளே புகுந்துவிடுவதுதான். பெரம்பூரில் 1955 முதல் சுவிஸ் வடிவமைப்பில் கட்டப்பட்ட பழைய பெட்டிகளின் முனையைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நடுவில் கொக்கியும் திருகு இணைப்பும், இருபுறமும் வட்டத் தட்டுகளாகப் பஃபர்களும் இருக்கும். கொக்கி இழுக்கும், பஃபர் தாங்கும். ஆனால் பெரும் மோதலில் ஒரு தட்டு மற்றொன்றின் மேல் வழுக்கி ஏறுவதைத் தடுக்க அங்கே எதுவும் இல்லை. ஜெர்மன் வடிவமைப்பான எல்எச்பியில் இழுப்பதையும் தாங்குவதையும் நடுவிலுள்ள ஒரே இணைப்பு செய்கிறது. விரல்களை மடக்கிக் கோத்த இரு கைகளைப் போல அது பூட்டிக்கொள்வதால், பெட்டிகள் தடம்புரண்டு பக்கவாட்டில் சாய்ந்தாலும், ஒன்றன்மேல் ஒன்று ஏறுவது பெரிதும் குறைகிறது. பெரம்பூரில் பழைய வகைப் பெட்டிகளின் தயாரிப்பு 2018இல் நின்றது; என் கருத்தில், அது இன்னும் முன்பே நடந்திருக்க வேண்டும்.

இனி பாலசோர். இரண்டு இடங்களிலும் விரைவு ரயில், பிரதான பாதையை விட்டு, வண்டிகளை ஒதுக்கி நிறுத்தும் பக்கப் பாதையான லூப் லைனுக்குள் நுழைந்துதான் சரக்கு ரயிலில் மோதியது. கவரைப்பேட்டையில் 2024 அக்டோபர் 11 அன்று பாக்மதி விரைவு ரயிலின் வேகம் மணிக்குச் சுமார் 75 கிலோமீட்டர். பாலசோர் அருகே பஹாநாகா பஜாரில் 2023 ஜூன் 2 அன்று கோரமண்டல் விரைவு ரயிலின் வேகம் 128. மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப (வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காக) பெருகுவதால், அங்கே ஒவ்வொரு டன் எடைக்கும் அடி ஏறத்தாழ மூன்று மடங்கு. எதிரே நின்றதோ இரும்புத் தாது ஏற்றிய வண்டி. புரண்ட பெட்டிகள் பக்கத்துப் பாதையில் சென்ற ஹவுரா ரயிலின் கடைசிப் பெட்டிகளிலும் மோதின. அந்த அளவு ஆற்றலை எந்த இணைப்பாலும் தாங்க முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மோதலைத் தாங்கும் வடிவமைப்பின் பொது விதி, ஆட்கள் உட்காராத முனைப் பகுதியை, அதாவது வாசலும் கழிப்பறையும் உள்ள இடத்தை முதலில் நசுங்கவிட்டு, இருக்கைப் பகுதியைக் காப்பது. நம் முன்பதிவில்லாப் பெட்டிகளில், கழிப்பறைக் கதவோரம் துண்டு விரித்துப் பயணிகள் உட்கார்ந்திருப்பது அந்த முனையில்தான். பாலசோரில் எஞ்சினுக்கு அருகே முன்பக்கத்தில் இருந்தவையும் அந்தப் பெட்டிகளே.