பன்னிரண்டும் சேர்த்துத்தான் வரும்

கேள்வி: எங்கள் காலத்தில் பரியாரி கையைப் பிடித்தாலே என்ன வருத்தம் என்று சொல்லிவிடுவார். இப்போது தடிமல் என்று போனாலும் ஆறேழு பரிசோதனைக்குத் துண்டு எழுதித் தருகிறார்கள். போன மாதம் மகளின் ஆக்கினை தாங்காமல் தனியார் லாப் ஒன்றில் 'முழு உடம்பு பெக்கேஜ்' செய்தேன். யூரிக் அசிட்டும் ஈரலுக்குரிய ஏதோ ஒன்றும் 'கூட' என்று வந்து மூன்று கிழமையாக நித்திரை இல்லை. இதெல்லாம் கம்பனிக்காரன் கண்டுபிடித்த வியாபாரம்தானே?
– ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், ஆரையம்பதி

பதில்: வியாபாரம்தான் சேர், யார் இல்லை என்றது? ஆனால் பரியாரியை ஏன் இதற்குள் இழுக்கிறீர்கள்? அவர் கையை மட்டும் பிடித்துக்கொண்டு இருக்கவில்லை. நீர்க்குறி, நெய்க்குறி என்று தேரையர் பெயரில் வழங்கும் பாட்டுகள் இருக்கின்றன. விடியற்காலைச் சிறுநீரை எடுத்து வைத்து நல்லெண்ணெய் ஒரு துளி விடுவார்கள். அது பாம்புபோல நீண்டால் வாதம், மோதிரம்போலப் பரந்தால் பித்தம், முத்துப்போல நின்றால் கபம். இதுவும் டெஸ்ட்தான், ரசீது தரவில்லை, அவ்வளவுதான்.

உலகம் முழுக்க இதே கூத்துத்தான். இங்கிலாந்தில் தோமஸ் வில்லிஸ் என்ற வைத்தியர், சீனி வருத்தக்காரரின் சிறுநீர் தேன்போல இனிக்கிறது என்று 1674இல் எழுதி வைத்திருக்கிறார். இனிப்பு எப்படித் தெரிந்தது என்று என்னைக் கேட்க வேண்டாம். நூறு வருஷம் கழித்து, 1776இல், மத்தியூ டொப்சன் அதைக் காய்ச்சி வற்றவைத்து அடியில் படிந்தது சீனிதான் என்று காட்டினார். ஆனால் இன்றைக்கு எவ்வளவு, நேற்றைக்கு எவ்வளவு என்று வருத்தக்காரனுக்குச் சொல்ல ஒருவராலும் முடியவில்லை. எண்ணில்லாத வைத்தியத்தைப் பற்றிக் கணித ஆசிரியர் இப்படி ஏங்குவது எனக்குக் கொஞ்சம் ஆச்சரியம்தான்.

சரி, உங்கள் 'கம்பனிக்காரன்' எங்கே நுழைந்தான் என்று பார்ப்போம். பெனடிக்ட் கரைசலைப் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் பார்த்திருப்பீர்கள்: நீலக் கரைசலில் எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டுக் கொதிக்கவைத்தால் பச்சை, மஞ்சள், கடைசியில் செங்கல் நிறம். அதற்கு விளக்கு வேண்டும், குழாய் வேண்டும், பொறுமை வேண்டும். அமெரிக்காவில் அல்கா-செல்ட்ஸர் என்ற நுரைக்கும் மாத்திரை விற்றுக்கொண்டிருந்த மைல்ஸ் கம்பனி, அதே மாத்திரை யோசனையை இதிலும் போட்டு 1941இல் 'கிளினிடெஸ்ட்' கொண்டுவந்தது. கரையும்போதே தானாகச் சூடாகும், விளக்குத் தேவையில்லை. அதே கம்பனியில் ஹெலன் ஃப்ரீ, அல்பிரட் ஃப்ரீ என்ற கணவன் மனைவி செய்த தோய்த்துப் பார்க்கும் காகிதம் 1956இல் வந்தது. 1960களின் நடுவில் இரத்தத்துக்கும் ஒரு காகிதம் வந்தது, அப்புறம் 1970ஐ ஒட்டி அந்தக் காகிதத்தின் நிறத்தை வாசிக்க ஒரு மெசின்: ஒரு கிலோவுக்கு மேல் பாரம், கிட்டத்தட்ட 500 டொலர் விலை, அதையும் வைத்தியர்களுக்கு மட்டும்தான் விற்பார்களாம். ரிச்சர்ட் பேர்ன்ஸ்டைன் என்ற பொறியியலாளர், சின்ன வயதிலிருந்தே சீனி வருத்தம் உள்ளவர், தன் மனைவி டொக்டர் என்பதால் அவர் பெயரில் ஒன்றை வாங்கித் தன் விரலைத் தானே குத்தி அளந்தார். பின்னால் அவரே டொக்டராகவும் ஆனார். தன் உடம்பின் கணக்கைத் தான் பார்க்க மனைவியின் பெயர் தேவைப்பட்ட காலம் சேர் அது.

இன்றைக்கு அந்த மெசின் உள்ளங்கைக்குள் அடங்கும், சில இடங்களில் சும்மாவே தருவார்கள். காசு போவது ஸ்ட்ரிப்புக்கு, அதாவது இரத்தச் சொட்டு விடும் அந்தத் துண்டுக்கு. யானை வாங்கினவன் அங்குசத்துக்கு யோசிக்கலாமா என்பார்கள். இங்கே யானை மலிவு, அங்குசம்தான் விலை, அதுவும் ஒரு தடவை குத்தினால் எறிந்துவிட வேண்டிய அங்குசம். எங்கள் வீட்டில் அம்மா ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து எண்ணிப்பார்த்துவிட்டு, "இண்டைக்கு வேணாம் மனே, உடம்பு நல்லாத்தான் இரிக்கி" என்று மூடி வைப்பார். பெரிய லாப்களிலும் பல இடங்களில் இதே ஏற்பாடுதான்: மெசினைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அதற்குள் ஊற்றும் இரசாயனத்தை எங்களிடம்தான் வாங்க வேண்டும் என்று ஒப்பந்தம். நீங்கள் திட்டுவதென்றால் இந்த இடத்தில் திட்டுங்கள், நானும் கூட நிற்கிறேன்.

ஆனால் உங்கள் நித்திரையைக் கெடுத்தது ஸ்ட்ரிப் இல்லை, பெக்கேஜ். அதற்குத் தனிக் கதை இருக்கிறது.

1950களில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகர ஆஸ்பத்திரி ஒன்றில் லெனார்ட் ஸ்கெக்ஸ் என்ற உயிர்வேதியியலாளர், கையால் ஒவ்வொன்றாகச் செய்து களைத்துப்போன தன் லாப்பைப் பார்த்து ஒரு யோசனை பிடித்தார். ஒரே மெல்லிய குழாய்க்குள் ஒருவரின் இரத்த மாதிரிக்குப் பின்னால் இன்னொருவருடையதை ஓடவிடுவது, ஒன்றோடு ஒன்று கலக்காமல் இருக்க நடுவில் காற்றுக்குமிழி. இவ்வளவுதான் விஷயம். முதலில் கேட்ட கம்பனிகள் கையை விரித்தன. டெக்னிகன் என்ற கம்பனி வாங்கி 1957இல் 'ஓட்டோ அனலைசர்' என்று சந்தைக்கு விட்டது. அந்தக் கம்பனி பிற்பாடு 1980இல் யாரிடம் போனது தெரியுமா? லிப்ஸ்டிக் விற்கும் ரெவ்லொனிடம்!

1960களின் பிற்பகுதியில் அதே டெக்னிகன் 'எஸ்.எம்.ஏ. 12/60' என்று ஒன்றை இறக்கியது. மணிக்கு 60 மாதிரி, ஒவ்வொன்றிலும் 12 சோதனை. இங்கேதான் கவனிக்க வேண்டும். டொக்டருக்கு ஒன்று மட்டும் தேவை என்றாலும் மெசின் பன்னிரண்டையும் செய்துதான் தரும், பிரித்து எடுக்க வழி கிடையாது. பதிலும் ஒரு நீளத்தாளில் கோடாக வரும், வழமையான அளவு எது என்று நிழல்போட்டு முன்கூட்டியே அச்சிட்டிருப்பார்கள், கோடு நிழலுக்கு வெளியே போனால் கண் நேரே அங்கேதான் போகும். உங்கள் ரிப்போட்டில் தடித்த எழுத்தில் நின்ற அந்தக் 'கூட', இந்த நிழலின் பேரப்பிள்ளை. ஒரு மெசினின் வசதிக்காகச் சேர்ந்த பன்னிரண்டு, பிறகு வைத்தியரின் பழக்கமாகி, மறுகா கண்ணாடிக் கதவில் ஒட்டிய சலுகை விலைப் பட்டியலாகிவிட்டது.

'வழமையான அளவு' என்பது என்ன? பெரும்பாலும் நல்ல சுகத்தோடு இருக்கும் நிறையப் பேரை அளந்து, நடுவில் வரும் நூற்றுக்கு 95 பேரின் அளவை எடுத்துக்கொள்வார்கள். அப்படியென்றால் ஒரு வருத்தமும் இல்லாத 100 பேரில் 5 பேர் எப்படியும் கோட்டுக்கு வெளியேதான் நிற்பார்கள். இனி உங்கள் வேலை சேர்: 0.95ஐ பன்னிரண்டு தடவை பெருக்குங்கள். 0.54 வரும். அதாவது ஒன்றையொன்று சாராத 12 சோதனை செய்தால், சுகமாயிருக்கிற 100 பேரில் 46 பேருக்கு ஏதாவது ஒன்றாவது 'கூட' அல்லது 'குறைய' என்று வரும். இருபது சோதனை என்றால் 64 பேருக்கு. நாற்பது வருஷம் நிகழ்தகவு படிப்பித்த மனிசன், தன் இரத்தத்துக்கு வந்ததும் அதை மறந்துபோனால் நான் என்ன செய்ய? கோட்டைக் கொஞ்சம் தாண்டின எண்ணுக்கு மூன்று கிழமை விழித்திருப்பதைவிட, அதை எடுத்துக்கொண்டு உங்கள் டொக்டரிடம் போய் "இதைத் திரும்பப் பார்க்க வேண்டுமா, எப்போது?" என்று கேட்டிருக்கலாம். அவர் பார்க்கச் சொன்னால் பாருங்கள்.

அதற்காக எல்லாத் துண்டையும் கிழித்துப் போடுங்கள் என்று நான் எழுதியதாக ஊரில் சொல்லித் திரியாதீர்கள். காய்ச்சல் என்று போனவரின் விரலைக் குத்திக் கண்ணாடித்தட்டில் இரத்தம் பூசி மலேரியா இருக்கிறதா என்று பார்த்த காலம் உங்களுக்கே நினைவிருக்கும். 1963இல் இலங்கை முழுக்க 17 பேருக்குத்தான் மலேரியா என்று கணக்கு வந்தது. முடிந்துவிட்டது என்று கையை மெதுவாக எடுத்தார்கள், மருந்தடிப்பும் தளர்ந்தது, தேடிப்பார்ப்பதும் தளர்ந்தது, 1968–69இல் ஐந்து இலட்சத்துக்கு மேல் போய்விட்டது. பிறகு பல வருஷம் தட்டுத்தட்டாகப் பார்த்துத்தான் 2016இல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது. டெங்குக் காய்ச்சலில் பிளேட்லெட் எண்ணுவதும் அப்படியே. நாடி பிடித்து எண்ண முடியாது.

கம்பனி, கண்டுபிடிப்பு என்றால் எல்லாரும் ஒரே மாதிரியும் இல்லை. இரத்தத்தில் இன்சுலின் போன்ற மிகச்சிறிய அளவுகளை அளக்கும் வழியை 1950களின் கடைசியில் ரொசலின் யாலோவும் சொலமன் பெர்சனும் கண்டுபிடித்தார்கள். காப்புரிமை எடுத்திருந்தால் கோடிகள், எடுக்கவே இல்லை. யாலோவுக்கு 1977இல் நோபல் கிடைத்தது, பெர்சன் அதைப் பார்க்க இருக்கவில்லை. இன்னொரு பக்கம் எலிசபெத் ஹோம்ஸ்: விரலில் குத்திய சொட்டு இரத்தத்தில் நூற்றுக்கணக்கான சோதனை என்று சொல்லித் தெரானோஸ் கம்பனியை நடத்தினார், உள்ளே பார்த்தால் பல சோதனைகளை சீமென்ஸ் மெசினில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 2022இல் நீதிமன்றம் பதினொரு வருஷத்துக்கு மேல் சிறை விதித்தது. முழு உடம்பையும் ஒரே சொட்டில் சொல்கிறேன் என்றவரிடம் காசைக் கொட்டியவர்கள் படிக்காதவர்களும் இல்லை சேர்.

தடிமலுக்கு யாரும் ஆறேழு டெஸ்ட் எழுதினால், "இதில் எது எப்படி வந்தால் மருந்தை மாற்றுவீர்கள் டொக்டர்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். கோபப்பட்டால் வேறு டொக்டரைப் பாருங்கள். அந்தப் பெக்கேஜ் ரிப்போட்டை எறிந்துவிட வேண்டாம், கிளினிக் கொப்பிக்குள் மடித்து வையுங்கள். அடுத்த வருஷம் அதே யூரிக் அசிட் எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்க்க உதவும். மகளிடம் மட்டும் சொல்லிவிடுங்கள், பிறந்தநாளுக்கு வேறு ஏதாவது வாங்கித் தரச் சொல்லி.