'ஃபாரின் கான்ஃபிகரேஷன்' என்ற செய்தியோடு திரை நின்று சர்வர் பூட் ஆகாத நிலையில், அலுவலகத்துக்குப் போகாமலேயே அதன் ரெய்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைத்து இயக்கும் முறை) டிஸ்க்குகளைச் சரிசெய்ய முடியுமா?

முடியும், ஆனால் சர்வரின் மதர்போர்டில் உள்ள பிஎம்சி என்ற மேலாண்மைச் சிப்புக்கு முன்கூட்டியே நெட்வொர்க் கேபிளும் ஐபி முகவரியும் கொடுத்து வைத்திருக்க வேண்டும். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சும் ரிமோட் டெஸ்க்டாப்பும் இயங்குதளம் எழுந்த பிறகே வேலை செய்யும் என்பதால், நீங்கள் எழுதியிருப்பதுபோல் 'ஃபாரின் கான்ஃபிகரேஷன்' செய்தியிலேயே திரை நின்றுவிட்டால் அவற்றால் பயனில்லை. பிஎம்சியோ, சர்வர் அணைந்திருந்தாலும் அதற்கு மின் இணைப்பு இருக்கும் வரை தனியே இயங்கும். டெல் சர்வரில் இதை ஐடிராக் என்றும், ஹெச்பிஇ சர்வரில் ஐலோ என்றும் சொல்வார்கள். பிரவுசரில் அதைத் திறந்து வர்ச்சுவல் கன்சோலுக்குள் போனால், சர்வருக்கு முன்னால் மானிட்டரும் கீபோர்டும் வைத்து உட்கார்ந்ததற்குச் சமம். ஐடிராக்கில் இந்த வசதிக்கு எண்டர்பிரைஸ் உரிமம் தேவைப்படும். அதை இன்றே சரிபாருங்கள்.

மண்ணடியில் உள்ள ஒரு கிளியரிங் ஏஜென்சியின் கணினிகளை நான் கவனித்துக்கொள்கிறேன், வீடு வியாசர்பாடியில். பெருமழைக்குக் கணேசபுரம் சுரங்கப்பாதை நிரம்பியிருந்த ஓர் இரவில், மின்தடைக்குப் பின் சர்வர் எழவில்லை. விடிந்ததும் ஷிப்பிங் பில்கள் (ஏற்றுமதிக்கான சுங்க ஆவணங்கள்) தாக்கலாக வேண்டும். விபிஎன் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியே கன்சோலைத் திறந்தபோது எனக்கும் இதே செய்திதான் வந்தது. நான்கு டிஸ்க்குகள் கொண்ட ரெய்டு 5 (ஒரு டிஸ்க் போனால் மட்டுமே தாங்கும் வகை), அதில் இரண்டு விலகியிருந்தன.

டிஸ்க்கில் எழுதியிருக்கும் ரெய்டு விவரமும் டிஸ்க்குகளை இயக்கும் கண்ட்ரோலரின் நினைவில் உள்ளதும் பொருந்தவில்லை என்பதே அந்தச் செய்தியின் பொருள். அங்கே 'கிளியர்' கொடுத்தால் அந்த டிஸ்க்குகளில் உள்ள ரெய்டு விவரம் அழிந்துவிடும். 'இம்போர்ட்' கொடுத்தால் கண்ட்ரோலர் அதை ஏற்றுக்கொள்ளும். ஆனால் ஒரு டிஸ்க் பல நாள்களுக்கு முன்பே விலகியிருந்தால் அதில் இருப்பது பழைய தரவு என்பதால், அதை வலிந்து ஆன்லைனுக்குக் கொண்டுவருவது மற்றவற்றில் உள்ள கோப்புகளையும் சிதைத்துவிடும். ஆகவே முதலில் பிஎம்சியின் நிகழ்வுப் பதிவில் எந்த டிஸ்க் எப்போது விலகியது என்று பாருங்கள். என் சர்வரில் இரண்டும் மின்தடையின்போது ஒரே நேரத்தில் விலகியிருந்ததால், முன்னோட்டத்தைப் பார்த்துவிட்டு இம்போர்ட் செய்தேன். தரவு முழுதாகத் திரும்பியது. உடனே எடுத்த பேக்கப் முடியும் வரை வேறெதையும் தொடவில்லை.

அந்த இரண்டில் ஒன்று விரைவில் பழுதாகும் என்ற எச்சரிக்கை இருந்ததால், காலையில் அலுவலகத்தில் இருந்த தம்பியைக் கொண்டு மாற்றினேன். தவறான டிஸ்க்கை உருவினால் எல்லாம் போய்விடக்கூடும் என்பதால், அதன் விளக்கை வீட்டிலிருந்தே மினுக்கவிட்டு, சீரியல் எண்ணைப் போனில் இருமுறை வாசிக்கச் சொன்ன பிறகே எடுக்கச் சொன்னேன்.

அவசரத்துக்காகக்கூட பிஎம்சியை நேரடியாக இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். பிஎம்சியோடு பேசப் பயன்படும் ஐபிஎம்ஐ 2.0 நெறிமுறையின் அமைப்பிலேயே, பயனர் பெயர் தெரிந்தவர் கேட்டால் கடவுச்சொல்லை ஊகித்துக் கண்டுபிடிக்க உதவும் அதன் ஹாஷைக் கொடுத்துவிடும் குறை உள்ளது. அதற்கான யுடிபி போர்ட் 623 வெளியே தெரியவே கூடாது.

இப்போதைக்கு அந்தத் திரையில் எந்த விசையையும் அழுத்தாமல், எத்தனை டிஸ்க்குகள் விலகின, எந்த நேரத்தில் விலகின என்பதை இங்கே எழுதுங்கள். எதை இம்போர்ட் செய்யலாம் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.