ஐ.சி.யூ.வில் அப்பா: 75 மில்லி போதுமா, வீட்டுக் கஞ்சி கொடுக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 65 வயது, எடை 60 கிலோ, சர்க்கரை உண்டு. நிமோனியா வந்து தஞ்சாவூரில் ஐ.சி.யூ.வில் சேர்த்து இன்று மூன்றாம் நாள், வென்டிலேட்டரில் இருக்கிறார். மூக்கு டியூப் வழியாக 2 மணி நேரத்துக்கு ஒரு முறை 75 மில்லி பவுடர் கரைசல்தான் போகிறது. பார்க்க வரும் சொந்தக்காரர்கள் எல்லாம் "பட்டினி போட்டுவிட்டார்கள்" என்கிறார்கள். மாப்பிள்ளைச் சம்பா கஞ்சி, இளநீர், ஆட்டுக்கால் சூப் கொண்டுவந்து கொடுக்கலாமா?
- வாசகி, மன்னார்குடி

பதில்: பட்டினி இல்லை, கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளைக்கு 12 வேளை என்றால் 900 மில்லி. ஆஸ்பத்திரி ஃபீடை வழக்கமாக மில்லிக்கு ஒரு கலோரி வரும்படி கரைப்பார்கள். ஆக 900 கலோரி, கிலோவுக்கு 15. அப்பாவின் முழு இலக்கு கிலோவுக்கு 20 முதல் 25, அதாவது 1,200 முதல் 1,500 கலோரி. முதல் சில நாட்கள் தேவையில் 70 சதவீதத்தைத் தாண்டாமல் வைத்திருந்து, மூன்றாம் நாளுக்குப் பிறகு ஏற்றச் சொல்கிறது எஸ்பென் எனப்படும் ஐரோப்பிய ஊட்டச்சத்துச் சங்கத்தின் வழிகாட்டுதல். உங்கள் டாக்டர்கள் அந்த வழியில்தான் போகிறார்கள்.

ஏன் இந்த நிதானம்? கடும் தொற்றின் ஆரம்ப நாட்களில் கல்லீரல் தானாகவே சர்க்கரையை ரத்தத்தில் கொட்டிக்கொண்டே இருக்கும். நாம் வெளியிலிருந்து ஊற்றினாலும் அது நிற்காது. அதன் மேல் முழு அளவையும் கொடுத்தால் சுகர் எகிறும், இன்சுலின் கூடும். அதிகப்படியான கார்பன் டை ஆக்சைடை வெளியேற்ற நுரையீரல் கூடுதலாக உழைக்க வேண்டிவரும். பிரான்சில் ஷாக்கோடு (ரத்த ஓட்டம் ஆபத்தான அளவுக்குக் குறைந்த நிலை) வென்டிலேட்டரில் இருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த நியூட்ரிரியா-3 ஆய்வு 2023-ல் வெளியானது. முதல் வாரத்தில் மிகக் குறைவாக உணவு பெற்றவர்கள், முழு அளவு பெற்றவர்களைவிடச் சீக்கிரம் ஐ.சி.யூ.வை விட்டு வெளியேறும் நிலைக்கு வந்தார்கள். இறப்பு விகிதத்தில் வித்தியாசம் இல்லை.

டாக்டரிடம் நீங்களாகவே சொல்ல வேண்டிய ஒன்று உண்டு: அட்மிட் ஆவதற்கு முன் அப்பா எத்தனை நாள் சரியாகச் சாப்பிடவில்லை? காய்ச்சலில் ஒரு வாரம் வெறும் கஞ்சித் தண்ணீரில் கிடந்தவருக்குத் திடீரென உணவு போனால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் சரியும். இதயத் துடிப்பு தடுமாறும், மூச்சுத் தசை தளரும். குடிப்பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காதீர்கள்; தயமின் (வைட்டமின் பி1) ஊசி தேவைப்படும். இந்த விவரம் வீட்டாரிடம் மட்டும்தான் இருக்கும், எந்த டெஸ்டிலும் வராது.

கலோரியைவிட நான் கவலைப்படுவது புரதத்தைப் பற்றித்தான். சாதாரண ஃபீடில் 100 மில்லிக்கு சுமார் 4 கிராம் புரதம். 900 மில்லியில் 36 கிராம். படிப்படியாக எட்ட வேண்டிய இலக்கோ கிலோவுக்கு 1.3 கிராம், அப்பாவுக்கு 78 கிராம். பாதிகூட இல்லை. லண்டனில் நடந்து 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், ஐ.சி.யூ. நோயாளிகளின் தொடைத் தசை 10 நாளில் சுமார் 18 சதவீதம் மெலிந்திருந்தது. அதனால் "ஏன் 75 மில்லி" என்று சண்டை போடாமல், "புரதம் இன்று எத்தனை கிராம், எப்போது கூட்டுவீர்கள்" என்று கேளுங்கள். புரதப் பவுடரைச் சேர்ப்பார்கள், அல்லது புரதம் கூடிய ஃபீடுக்கு மாற்றுவார்கள். அதற்காக அள்ளிக் கொட்டவும் கூடாது, கிலோவுக்கு 2.2 கிராமும் அதற்கு மேலும் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில் பலன் இல்லை, சிறுநீரகம் பழுதானவர்களுக்குக் கெடுதலாக இருக்கலாம் என்றே தெரிந்தது.

இப்போது உங்கள் தூக்குவாளிக்கு வருவோம். டியூபில் இறங்கும் அளவுக்குக் கஞ்சியை நீர்க்கக் காய்ச்சினால் அரை லிட்டரில் 25 கிராம் அரிசிதான் இருக்கும்: 90 கலோரிக்குள், 2 கிராம் புரதம். கெட்டியாக வைத்தால் டியூப் அடைத்துக்கொள்ளும். புதுசு போட்டு, எக்ஸ்ரே எடுத்து இடம் சரிபார்க்கும்வரை உணவும் மருந்தும் நிற்கும். வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் இருக்கும் அரிசிக் கஞ்சியில் கிருமி பெருகுவது வேறு. இளநீர் இன்னும் ஆபத்து: ஒரு காயில் அரை கிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கும், சிறுநீரகம் மந்தமாகி ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறியிருந்தால் அது இதயத்தை நிறுத்திவிடக்கூடும். ஆட்டுக்கால் சூப்பில் உப்பும் கொழுப்பும் ஜெலட்டினும்தான் மிச்சம். தசை கட்டத் தேவையான புரதம் அதில் இல்லை.

"குளுக்கோஸ் ஏறுதே, அதுவே சாப்பாடு" என்பதும் தப்பு. 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் அரை லிட்டர் பாட்டிலில் 25 கிராம் சர்க்கரை, 85 கலோரி. ஆனால் பம்பில் பால் போல வெள்ளையாக ஒன்று ஏறினால் அது கணக்கில் வரும். அது புரோபோஃபால் என்ற மயக்க மருந்தாக இருக்கலாம். கொழுப்பில் கரைத்தது, மில்லிக்கு 1.1 கலோரி. மணிக்கு 10 மில்லி என்றால் நாளைக்கு 264 கலோரி ஃபீடில் கழிக்க வேண்டும்.

நடைமுறையில் கோளாறு வருவது எழுதிய அளவுக்கும் போன அளவுக்கும் நடுவில்தான். ஸ்கேனுக்குக் கொண்டுபோனார்கள், டிரக்கியாஸ்டமி (கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாய் வைப்பது) செய்தார்கள் என்று ஃபீடு நிற்கும். திரும்பத் தொடங்க யாருக்கும் நினைவிருக்காது. "நேற்று மொத்தம் எத்தனை மில்லி போனது?" என்று தினமும் ஒரு தரம் கேளுங்கள். இரைப்பையில் தேக்கம் 6 மணி நேரத்தில் 500 மில்லியைத் தாண்டினால்தான் நிறுத்தி யோசிக்க வேண்டும். பேதியானால் உடனே ஃபீடைக் குற்றம் சொல்ல வேண்டாம். ஆன்டிபயாடிக்கும், சார்பிட்டால் என்ற இனிப்பு கலந்த சிரப்புகளும்தான் பெரும்பாலும் காரணம். கட்டிலின் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும், பார்க்கப் போகும்போது வசதி என்று யாரும் இறக்கிவிடாதீர்கள்.

தொண்டைக் குழாயை எடுத்த பிறகு "நாக்கு வறண்டிருக்கு" என்று ஸ்பூனில் தண்ணீர் விடுவதுதான் வீட்டார் பெரும்பாலும் செய்யும் தவறு. குழாய் இருந்த தொண்டைக்கு விழுங்கும் பழக்கம் உடனே திரும்பாது, தண்ணீர் சத்தமில்லாமல் நுரையீரலுக்குப் போகும். ஈரப் பஞ்சால் உதட்டையும் நாக்கையும் துடையுங்கள், போதும். விழுங்கும் பரிசோதனையில் தேறி வார்டுக்கு வந்ததும் உங்கள் சமையலுக்கு வேலை வரும்: குழைந்த பாசிப்பருப்பு சாதம், தயிர், நன்றாக வெந்த முட்டை, முள் நீக்கி மசித்த விரால் மீன். கிரியேட்டினினைப் பார்த்து டாக்டர் சம்மதித்தால் இளநீரும் அப்போது வரலாம்.