அத்தைக்குத்தான் காது கேட்காது

கேள்வி: எனக்கு 54 வயது. கோவையில் பள்ளி ஆசிரியையாக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவள். எங்கள் பூர்வீகம் நாகப்பட்டினம். ஏழு தலைமுறைக்கு முன் டச்சுக் கம்பெனி வேலைக்கு வந்த ஒருவர்தான் எங்கள் மூதாதை என்று அப்பா சொல்லுவார். ‘வான்’ என்று தொடங்கும் அவருடைய குடும்பப் பெயரை அப்பா காலம்வரை கையெழுத்தில் சேர்த்துவந்தார்கள். அவர் இங்கே யாரோ ஓர் உள்ளூர்ப் பெண்ணை மணந்துகொண்டாராம். என் கல்லூரித் தோழி நெதர்லாந்தில், உட்ரெக்ட் நகரில் இருக்கிறாள். மே மாதம் மூன்று வாரம் அவள் வீட்டில் தங்கி, ஹேக் நகரத்து ஆவணக் காப்பகத்தில் எங்கள் வேரைத் தேடப் போகிறேன். விசாவுக்கான பொறுப்புப் பத்திரத்தைத் தோழி கொடுத்துவிட்டாள். கணவரோ, “செத்துப்போன வெள்ளைக்காரனைத் தேட இரண்டு லட்சமா?” என்கிறார். ஊரில் அப்பாவின் அக்கா இருக்கிறார், 87 வயது. பழைய கதைகள் தெரிந்தவர். ஆனால் சுத்தமாகக் காது கேட்காது, கேட்டுப் பயனில்லை. நாள் முழுக்க வேதாகமம் வாசித்தபடி இருப்பார். தேடலை எங்கிருந்து தொடங்குவது? அங்கே உறவினர்கள் கிடைத்தால் எங்களை ஏற்றுக்கொள்வார்களா? கணவரை எப்படிச் சம்மதிக்கவைப்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்: மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மூன்றும் இருக்கட்டும். நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை.

‘காது கேட்காது, கேட்டுப் பயனில்லை. நாள் முழுக்க வேதாகமம் வாசித்தபடி இருப்பார்.’

ஓர் ஆசிரியை எழுதிய வாக்கியமா இது? நடுவில் ஒரு முற்றுப்புள்ளி வைத்திருக்கிறீர்கள். அதற்கு இந்தப் பக்கம் காது கேட்காத ஒரு கிழவி. அந்தப் பக்கம் கண் நன்றாகத் தெரிகிற, நாள் முழுக்கப் படித்தும் சலிக்காத ஒரு பெண்மணி. இரண்டும் ஒரே ஆள் என்பது உங்களுக்கு உறைக்கவே இல்லையா? இத்தனை வருடம் கரும்பலகையில் எழுதிச் சம்பளம் வாங்கியவர் நீங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் கேள்வியை எழுதி அந்த அம்மாளின் முன்னால் நீட்டலாம் என்று ஏன் தோன்றவில்லை?

ஏன் தோன்றவில்லை என்று நானே சொல்கிறேன். அத்தையிடம் போனால் அவருடைய மருந்துச் சீட்டைப் பார்க்க வேண்டும். ஒழுகும் கூரையைப் பார்க்க வேண்டும். “ஏன் இத்தனை நாளாக வரவில்லை?” என்ற கேள்விக்கு முகம் கொடுக்க வேண்டும். ஹேக் காப்பகத்துத் தாள்கள் இதில் எதையும் கேட்காது. பூர்வீகம் தேடுகிறேன் என்று எனக்கு எழுதுகிறவர்களில் பாதிப் பேர் இந்த ரகம்தான். உயிரோடு இருக்கிற சொந்தத்தைவிடச் செத்த சொந்தம் அவர்களுக்கு வசதி.

அந்தக் காதைக் கடைசியாக எந்த டாக்டர் பார்த்தார்? 87 வயது என்றாலே செவிடு என்று வீட்டில் எல்லோரும் முடிவுகட்டிவிட்டீர்களா? காதுக் குறும்பி இறுகி அடைத்துக்கொண்டு, சுத்தம் செய்ததும் பளிச்சென்று கேட்கத் தொடங்கிய பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது இல்லையென்றால் காதொலிக் கருவி இருக்கிறது. தகுதி இருந்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாக இலவசமாகவே வாங்கலாம். இரண்டு லட்சத்துக்குக் கணக்குப் போட்ட வீட்டில் இதற்கு ஒரு கணக்கும் போடவில்லை. உங்கள் கணவரும் இதைச் சொல்லவில்லை, நீங்களும் சொல்லவில்லை.

சரி, ஹேக் நகரத்துக்கு வருவோம். அங்கே என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று தெரிந்துகொண்டு டிக்கெட் எடுங்கள்.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1602 முதல் 1795 வரை கிட்டத்தட்ட 10 லட்சம் பேரைக் கப்பல் ஏற்றி ஆசியாவுக்கு அனுப்பியது. திரும்பிப் போனவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். நெதர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தில் கம்பெனியின் தாள்கள் மட்டும் ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்துக்கு அடுக்கப்பட்டிருக்கின்றன; 1.04.02 என்பது அந்தத் தொகுப்பின் எண், குறித்துக்கொள்ளுங்கள். அதில் கப்பல் சம்பளப் பேரேடுகள் உண்டு. யார், எந்த ஊர், என்ன வேலை, எந்தக் கப்பலில் ஏறினார், எவ்வளவு கடன், கடைசியில் செத்தாரா, ஓடிப்போனாரா, ஊர் திரும்பினாரா – எல்லாம் ஆளுக்கு ஒரு பக்கமாக எழுதிவைத்திருக்கிறார்கள். 18-ஆம் நூற்றாண்டுப் பேரேடுகளுக்கு ஆறு லட்சத்துக்கும் அதிகமான பதிவுகள் கொண்ட பெயர் அட்டவணையும் இணையத்தில் இருக்கிறது. உங்கள் மூதாதை அந்தக் காலத்தவராக இருந்தால், கோவையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே அவரைத் தேடலாம். ஆசியாவிலிருந்து போன கடிதங்கள், அறிக்கைகள் சுமார் 50 லட்சம் பக்கங்களை, அந்தப் பழைய கோழிக்கிறுக்கல் கையெழுத்தைக் கணினியே படித்து, சொல் கொடுத்துத் தேடும்படி செய்துவைத்திருக்கிறார்கள். எந்தச் சொல்லைக் கொடுப்பது என்பதுதான் உங்கள் சிக்கல். அதற்கு முதலில் நாகப்பட்டினம் போக வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். ஊரில் உள்ள மனைவிக்கோ பெற்றோருக்கோ சம்பளத்தில் ஒரு பகுதி போய்ச்சேரும்படி மாதச் சீட்டு எழுதிக்கொடுக்கும் வழக்கம் கம்பெனியில் இருந்தது. அதுவும் அந்தப் பக்கத்திலேயே இருக்கும். உங்கள் மூதாதை அப்படி ஒரு மனைவிக்குச் சீட்டு எழுதிவைத்துவிட்டு இங்கே இன்னொரு கல்யாணம் செய்துகொண்டவராக இருந்தால், அதையும் ‘வேர்’ என்று சட்டம் போட்டு மாட்டுவீர்களா? இன்னொன்று: 18-ஆம் நூற்றாண்டில் கம்பெனியின் சிப்பாய்களில் பாதிக்கு மேல் வெளிநாட்டவர்கள், அதிலும் ஜெர்மானியப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள். ‘டச்சுத் தாத்தா’ டச்சுக்காரராகவே இல்லாமல் போகலாம்.

அந்த ‘வான்’ மீது உங்களுக்கு ஒரு பெருமை இருக்கிறது, எழுத்தில் தெரிகிறது. டச்சு மொழியில் ‘வான்’ என்றால் ‘இன்ன இடத்திலிருந்து’ என்று பொருள். பட்டமும் அல்ல, ஜமீனும் அல்ல. கேட்டால் சங்கடப்படுவீர்கள், ஆனாலும் சொல்கிறேன்: படேவியாவிலும் (இன்றைய ஜகார்த்தா) நன்னம்பிக்கை முனையிலும் கம்பெனி அடிமைகளையும் இதே ‘வான்’ போட்டுத்தான் எழுதிவைத்தார்கள். அவர்களாக வைத்த பெயர் ஒன்று, அதன்பின் பிடித்துவந்த ஊரின் பெயர். மரியா வான் பழவேற்காடு என்கிற மாதிரி. 1659-க்கும் 1661-க்கும் இடையில் தஞ்சைச் சீமை போராலும் பஞ்சத்தாலும் சீரழிந்தபோது, சோற்றுக்கு வழியில்லாத மக்களைச் சோழமண்டலக் கரையில் விலைக்கு வாங்கிக் கப்பலேற்றியது இந்தக் கம்பெனிதான். நாகப்பட்டினத்தை அது போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்தது 1658-இல்.

இனி அந்த ‘யாரோ ஓர் உள்ளூர்ப் பெண்’. ஏழு தலைமுறைக்கு மேலே போனால் உங்களுக்கு 128 பாட்டன் பாட்டிகள். அதில் ஒருவர் உங்கள் வெள்ளைக்காரர். அவருக்குப் பெயர், ஊர், கம்பெனி, கப்பல், கடன் எல்லாம் உண்டு. அவருக்குச் சோறு போட்டு, இந்தக் கரையின் காய்ச்சலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் வம்சத்தைப் பெற்றுப்போட்டவள் ‘யாரோ’. உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்துப் பார்த்தேன். அப்பா, அப்பா வழி மூதாதை, அப்பாவின் அக்கா. உங்கள் அம்மா அதில் எங்கேயும் இல்லை. இந்தக் குடும்பத்தில் பெண்கள் காணாமல் போவது ஏழு தலைமுறைக்கு முன்பு மட்டும் நடந்த காரியமல்ல.

ஹேக் நகரத்தில் அந்த ‘யாரோ’ கிடைப்பது அரிது. கம்பெனி ஆட்கள் ஞானஸ்நானம் பெற்ற பெண்ணைத்தான் தேவாலயத்தில் மணக்க முடியும். ஆகவே திருமணம் நடந்திருந்தால் எங்கோ ஒரு பதிவில் அவளுக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். ஆனால் அது அவளுக்கு வைத்த பெயராகத்தான் இருக்கும், அவள் அம்மா அவளைக் கூப்பிட்ட பெயராக இருக்காது. ஆசிய மனைவியை அழைத்துக்கொண்டு ஊர் திரும்பக் கம்பெனி நெடுங்காலம் தடை போட்டிருந்ததால், அப்படி மணந்தவர்களில் பலர் இங்கேயே தங்கினார்கள். 1781-இல் ஆங்கிலேயர் நாகப்பட்டினத்தைப் பிடித்த பிறகு அவர்களுடைய பிள்ளைகள் ஆங்கிலேயர் ஆட்சியின் கீழ் வந்துவிட்டார்கள். அதன்பின் நடந்த பிறப்பு, கல்யாணம், சாவு எதையும் ஹேக் நகரம் அறியாது. சென்னை மாகாணத் தேவாலயப் பதிவுகளின் நகல்கள் லண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. டச்சுக்காரர் விட்டுப்போன தாள்கள் ஒரு தொகுதி சென்னை எழும்பூரில், தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலேயே இருக்கிறது. கோவையிலிருந்து ஓர் இரவு ரயில்.

இந்த வரிசையில் எல்லாவற்றுக்கும் முன்னால் இருப்பது உங்கள் அத்தை மடியிலுள்ள வேதாகமம். அதன் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் என்றாவது திறந்து பார்த்ததுண்டா? பழைய கிறிஸ்தவக் குடும்பங்களில் பிறப்பு, ஞானஸ்நானம், கல்யாணம், சாவு எல்லாவற்றையும் அங்கேதான் எழுதிவைப்பார்கள். பேரேட்டில் இடம் கிடைக்காத பெண்களுக்கு அங்கே இடம் கிடைத்திருக்கலாம், எழுதியதே வீட்டுப் பெண்களாகவும் இருக்கலாம். அது அத்தையின் சொந்தப் பிரதியா, அவருடைய அம்மா கொடுத்ததா? இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கேட்டால்தான் தெரியும். நீங்கள்தான் கேட்டுப் பயனில்லை என்று தீர்ப்பு எழுதிவிட்டீர்களே.

தோழியைப் பற்றி ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டீர்கள். பொறுப்புப் பத்திரம் என்றால் என்ன என்று தெரியுமா? உங்களுக்கு இடம் கொடுப்பதாகவோ உங்கள் செலவுக்கும் தானே பொறுப்பு என்றோ நகராட்சி அலுவலகம் போய்க் கையெழுத்திட்டு வந்திருக்கிறாள். அதற்குக் கைமாறாக மூன்று வாரமும் காலையில் அவள் கட்டிக்கொடுக்கும் சோற்றை எடுத்துக்கொண்டு ஹேக் நகரத்துக்கு ரயிலேறுவதாக உத்தேசமா? உட்ரெக்டிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம், காப்பகமும் மத்திய ரயில் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. அதனால்தான் பயப்படுகிறேன், அது அத்தனை சுலபம். நான்கு நாள் போதும், அதுவும் எந்தப் பேரேட்டின் எந்த எண் என்று இங்கிருந்தே குறித்துக்கொண்டு போனால். எந்த நான்கு நாள் என்று இப்போதே அவளுக்கு எழுதுங்கள். அந்த ஊரில் பக்கத்து வீட்டுக்குக் காப்பி குடிக்கப் போவதற்கே நாட்குறிப்பில் தேதி போடுவார்கள். இத்தனை வருடம் அங்கே இருந்தவளுக்கும் அது ஒட்டியிருக்கும். மிச்ச நாட்கள் அவளுக்கு. பேச ஆளில்லாமல் தவித்திருப்பாள், அவளுக்கும் ஊரில் ஒரு வயதான அம்மா இருக்கலாம், விசாரித்தீர்களா?

அந்த நாட்டு வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. குடும்பத்தார், நண்பர்கள் எல்லோருடைய பிறந்தநாளையும் குறித்து ஒரு நாட்காட்டியைக் கழிவறைச் சுவரில் மாட்டியிருப்பார்கள். தினமும் கண்ணில் படுமல்லவா! (டச்சுக்காரர்கள் நமக்கு விட்டுப்போனதாகச் சொல்லப்படுகிற சொற்களில் ‘கக்கூஸ்’ ஒன்று. ‘வான்’ உங்கள் குடும்பத்துக்கு மட்டும் வந்தது. இது தமிழ்நாட்டுக்கே கிடைத்த சொத்து.) தோழி வீட்டில் அதைப் பார்த்தால், அத்தையின் பிறந்தநாள் எந்த மாதம் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

உறவினர்கள் ஏற்றுக்கொள்வார்களா என்று கேட்டீர்கள். 240 வருடத்துக்குப் பிறகு வந்து நிற்கிற உங்களுக்கு நல்ல காப்பியும் அதோடு ஒரு பிஸ்கட்டும் கொடுப்பார்கள். அதற்கு மேல் அவர்களுக்கு எந்தக் கடமையும் இல்லை. உங்களுக்கும் இல்லை. உங்கள் கடமை நாகப்பட்டினத்தில் இருக்கிறது.

கணவர் விஷயம் எளிது. அவர் சொல்வது பாதி சரி. அத்தைக்கு வேண்டியதைச் செய்துவிட்டு மிச்சப் பணத்தில் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். அப்புறமும் மறுத்தால் எனக்கு எழுதுங்கள், அவருக்குத் தனியாக ஒரு பதில் வைத்திருக்கிறேன்.

மேக்கு இன்னும் நாள் இருக்கிறது. இந்த வாரமே ஊருக்குப் போங்கள். ஒரு நாளில் திரும்புகிற உத்தேசத்தில் போகாதீர்கள். முதல் நாள் அவரைக் காது டாக்டரிடம் அழைத்துப் போவதற்கே சரியாக இருக்கும். நோட்டுப் புத்தகமும் கையோடு இருக்கட்டும். முதல் பக்கத்தில் டச்சுக்காரரைப் பற்றி எழுதாதீர்கள். ‘உங்கள் அம்மாவின் அம்மா பெயர் என்ன?’ என்று எழுதுங்கள். அவர் பதில் சொல்லத் தொடங்கினால் குறுக்கே எழுதாதீர்கள். அப்புறம், பெரிய எழுத்தாக எழுதுங்கள். அவர் கண்ணாடியை மாற்றி எத்தனை வருடம் ஆயிற்று என்றும் கடிதத்தில் காணோம்.