பிரஷ் போகாத மூலை

கேள்வி: எனக்கு 48 வயது. பாலக்கோடு பக்கம் தக்காளி வியாபாரம். ஓசூரில் வேலை செய்யும் மகள் பொங்கலுக்கு, செல்போனோடு இணையும் ஸ்மார்ட் பிரஷ் வாங்கிக் கொடுத்தாள். பல்லைப் படம் எடுத்தால் ஏஐ பார்த்து நோய் சொல்லும் ஓர் ஆப்பையும் போட்டுத் தந்தாள். அது 8 பற்களில் சொத்தை, உடனே சிகிச்சை தேவை என்கிறது. 8 பல்லையும் பிடுங்க வேண்டி வருமா? ரூட் கேனால் என்றால் எவ்வளவு ஆகும்? பிரஷ்ஷின் ஆப்பில் முதலில் எல்லா இடமும் பச்சையாக வந்தது. இப்போது கீழ் வலது கடைசி மட்டும் தினமும் சிவப்பு. அந்தப் பக்கம் கன்னத்துக்குள் ஒரு புண் இருக்கிறது, ஒன்றரை மாதம் ஆகிறது. வலி இல்லை, காரம் பட்டால் எரியும். மெடிக்கலில் கேட்டு ஜெல் தடவுகிறேன். 20 வருடம் புகையிலை போட்டேன், ஆறு மாதம் முன்பு விட்டுவிட்டேன். வாயில் கத்தி வைத்தால் பரவிவிடும் என்று வீட்டில் சொல்கிறார்கள். உண்மையா?

பதில்: 8 பற்களும் காத்திருக்கட்டும். இந்த வாரமே ஒரு பல் மருத்துவரிடம் போய் அந்தப் புண்ணைக் காட்டுங்கள்.

பல்லுக்காக மட்டும் பயப்படுகிறவர் கடைசி வரியில் கத்தியைப் பற்றிக் கேட்க மாட்டார். உங்கள் மனதில் எந்தப் பயம் இருக்கிறது என்று எனக்குப் புரிகிறது. அதையே பேசிவிடுவோம். உங்களுக்குப் புற்றுநோய் என்று நான் சொல்லவில்லை. கடிதத்தைப் படித்து யாராலும் அதைச் சொல்ல முடியாது. கூர்மையான கடைவாய்ப்பல் உரசிக்கொண்டே இருந்தாலும் புண் ஆறாது. வேறு சில தோல் நோய்களும் வாய்க்குள் இப்படி வரும். ஆனால் 20 வருடம் புகையிலை போட்டவருக்கு, ஒன்றரை மாதமாக ஒரே இடத்தில் புண் ஆறாமல் இருந்தால், அது என்னவென்று தெரிந்துகொள்ளாமல் ஒரு நாளும் தள்ளக் கூடாது.

வாயின் உட்தோல் சீக்கிரம் புதுப்பித்துக்கொள்ளும். சோறு மெல்லும்போது கடித்துக்கொண்ட இடமும், சூடான டீ பட்டு வெந்த இடமும் ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரத்தில் ஆறிவிடும். அதனால்தான் இரண்டு வாரம் என்பதைப் பல் மருத்துவர்களான நாங்கள் எல்லையாக வைத்திருக்கிறோம். அதைத் தாண்டிய புண்ணுக்கு வீட்டு வைத்தியம், மாத்திரை, ஜெல் எதுவும் கிடையாது. மருத்துவர் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் அந்த எல்லையை மூன்று மடங்கு தாண்டிவிட்டீர்கள்.

வலி இல்லை என்று ஆறுதலாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் ஆறுதல் இல்லை. வாய்ப் புற்றுநோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. பல்வலி வந்தவர் நடுராத்திரியில் கதவைத் தட்டுவார், வலிக்காத புண்ணோடு வருகிறவர்தான் மாதக்கணக்கில் தாமதித்து வருவார். அப்புறம் அந்த ஜெல். வாய்க்குத் தடவும் ஜெல்கள் பலவற்றில் மரத்துப்போக வைக்கும் மருந்து இருக்கிறது. எரிச்சல் அடங்கும், புண் அப்படியே இருக்கும். ஒன்றரை மாதமாக அதை வாங்கித் தடவினீர்கள், கொடுத்தவரும் ஒரு தடவைகூட 'டாக்டரிடம் காட்டினீர்களா' என்று கேட்கவில்லை. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

புகையிலையை விட்டது மிக நல்ல காரியம், விட்டபடியே இருங்கள். ஆனால் ஆறு மாதத்தில் 20 வருடக் கணக்கு தீர்ந்துவிடாது. நீங்கள் புகையிலையை எந்தக் கன்னத்தில் அடக்கிவைப்பீர்கள் என்று எழுதவில்லை. வலது கன்னம் என்றால் மருத்துவரிடம் அதை முதலில் சொல்லுங்கள்.

இப்போது ஆப் சொன்ன 8 சொத்தைகள். நீங்கள் பிறந்து வளர்ந்ததும் பாலக்கோடு பக்கம்தான் என்றால், அவற்றில் பாதிக்கு மேல் சொத்தையே இல்லை என்பது என் கணிப்பு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒரு லிட்டர் குடிநீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. இங்கே பல ஊர்க் கிணறுகளில் அதைவிடக் கூடுதலாக இருந்தது. பல் உள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் வயதில், அதாவது சுமார் 8 வயது வரை, அந்த நீரைக் குடித்து வளர்ந்தால் பல்லில் வெள்ளைப் பட்டையும் பழுப்புக் கறையும் விழும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் நிதியுதவியோடு வந்ததே இதற்காகத்தான். அது 2013இல்தான் தொடங்கப்பட்டது. நீங்கள் அதற்கு வெகு காலம் முன்பே கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்தவர்.

கண்ணாடி முன் நின்று பாருங்கள். கறை படுக்கை வாட்டில் கோடு கோடாக, இடது பக்கப் பல்லிலும் வலது பக்கத்து அதே பல்லிலும் ஒரே மாதிரி இருந்தால் அது பெரும்பாலும் ஃபுளோரைடு கறை. சொத்தை இப்படி ஜோடி பார்த்து வராது. குழியிலும் இரண்டு பல் ஒட்டும் இடத்திலும் உட்காரும். கறை கல் மாதிரி கெட்டியாக இருக்கும், சொத்தை மெத்தென்று இருக்கும். செல்போன் கேமராவுக்கு இந்த வித்தியாசம் எதுவும் தெரியாது, நிறம் மட்டும்தான் தெரியும். பழுப்பைக் கண்டால் சொத்தை என்று எழுதிவிடுகிறது. நீங்கள் எந்தத் தண்ணீர் குடித்து வளர்ந்தீர்கள் என்று அது கேட்டதா? நம் ஊர்ப் பல் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

ஏஐ என்றாலே ஆகாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பல் எக்ஸ்ரேயைப் படித்து, சொத்தை இருக்கலாம் என்ற இடத்தை மருத்துவருக்குக் கோடு போட்டுக் காட்டும் மென்பொருள்களுக்கு 2022இலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி கொடுத்திருக்கிறது. நெருக்கமான இரண்டு கடைவாய்ப்பற்களுக்கு நடுவில் மறைந்திருப்பதை அது சில சமயம் நம் கண்ணுக்கு முன்பே பிடித்துவிடும். ஆனால் அது எக்ஸ்ரேயைப் பார்க்கிறது, கூடவே ஒரு மருத்துவர் இருக்கிறார். நீங்கள் செல்போனில் எடுத்த முன்பல் படத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. புண்ணைக் காட்டப் போகும்போது பற்களையும் பார்க்கச் சொல்லுங்கள். பிடுங்குவது, ரூட் கேனால், செலவு எல்லாம் அதற்குப் பிறகு.

இதே வாக்கில் ஃபுளோரைடு பேஸ்ட்டைப் பார்த்தும் பயந்துவிட வேண்டாம். வளர்ந்த பல்லுக்கு அதனால் கறை வராது; துலக்கித் துப்பிவிட்டால் போதும். வீட்டில் குழந்தைகள் இருந்தால், 3 வயதுக்குள் அரிசி அளவு, 6 வயது வரை பட்டாணி அளவு. குடிக்க ஒகேனக்கல் தண்ணீரையே கொடுங்கள். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது; தண்ணீர் சுண்டினால் இன்னும் கூடும்.

உங்களிடம் இருக்கும் கருவிகளில் உண்மையைச் சொன்னது அந்த பிரஷ்தான். பிரஷ் வாயின் எந்தப் பக்கம் இருக்கிறது, எவ்வளவு நேரம் தேய்க்கிறது என்பதை உள்ளே இருக்கும் அசைவு உணரி கணக்குப் பார்க்கும். பிரஷ் போதுமான நேரம் போகாத இடத்தைச் சிவப்பாகக் காட்டும். கீழ் வலது மூலையில் புண் எரிகிறது, உங்கள் கை தானாகவே அந்த இடத்தை விட்டுவிட்டு வருகிறது. உங்களுக்கே தெரியாமல் நடப்பது இது. ஆனால் மூலை ஏன் சிவக்கிறது என்று பிரஷ்ஷுக்குத் தெரியாது. படம் எடுத்த ஆப்பும் கன்னத்துக்குள் எட்டிப் பார்க்கவில்லை.

அதற்காகப் புண்ணைப் படம் எடுத்து ஏஐயிடம் கேட்கக் கிளம்பிவிடாதீர்கள். நேரில் வந்தால் மருத்துவர்கள் நாங்கள் கையுறை போட்ட ஒரு விரலைக் கன்னத்துக்குள்ளும் இன்னொரு விரலை வெளியிலும் வைத்து, மெதுவாக அழுத்திப் பார்ப்போம். புண்ணின் ஓரம் மெத்தென்று இருக்கிறதா, அடியில் கெட்டி தட்டுகிறதா என்பது விரலுக்குத்தான் தெரியும். தாடைக்குக் கீழும் கழுத்திலும் கட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்ப்போம். சாதாரண வெளிச்சத்தில் கண்ணால் பார்ப்பதற்கே எவ்வளவு பலன் என்று திருவனந்தபுரம் பகுதியில் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள், சந்தேகம் வந்தவர்களை மருத்துவரிடம் அனுப்பினார்கள். புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் 34 சதவீதம் குறைந்திருந்தது. 2005இல் வெளியான முடிவு அது.

கத்தி விஷயம். சதைப் பரிசோதனை, அதாவது பயாப்ஸி செய்தால் நோய் பரவிவிடும் என்பதை நம்பாதீர்கள். மரத்துப்போக ஊசி போட்டு, புண்ணின் ஓரத்திலிருந்து சின்னத் துணுக்கு ஒன்றை எடுப்பார்கள். சில நிமிட வேலை, தேவைப்பட்டால் ஒன்றிரண்டு தையல். அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். பரிசோதனைக்குப் பயந்து தள்ளிப்போட்டு, நோய் முற்றி வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். 'கத்தி வைத்ததும் பரவிவிட்டது' என்று ஊரில் பேசப்படுவதில் பெரும்பாலானவை இவர்களுடைய கதைதான். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் வாய்ப் புற்றுநோயைக் குணப்படுத்த நல்ல வாய்ப்பு உண்டு. இதை வீட்டில் எல்லோரும் இருக்கும்போது படித்துக் காட்டுங்கள்.

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பல் பிரிவுக்குப் போகலாம். செலவை நினைத்துத் தள்ள வேண்டிய அவசியமே இல்லை. மண்டியில் வரத்து அதிகம், அடுத்த வாரம் பார்க்கலாம் என்ற பேச்சும் வேண்டாம். தடவிய ஜெல் டியூபைக் கையோடு எடுத்துப்போங்கள். மகளையும் செல்போனோடு வரச் சொல்லுங்கள். புண் எப்போது வந்தது என்று மருத்துவர் கேட்கும்போது 'ஒன்றரை மாதம் இருக்கும்' என்று குத்துமதிப்பாகச் சொல்ல வேண்டாம். பிரஷ்ஷின் ஆப்பில் பழைய பதிவுகள் இருந்தால், கீழ் வலது மூலை பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறிய தேதியைப் பார்த்து அதைச் சொல்லுங்கள்.