பெட்லம், பாண்டிமோனியம்: கூச்சல் குழப்பத்துக்கு ஆங்கிலத்தில் இந்தச் சொற்கள் எப்படி வந்தன?

இரண்டுமே காதைப் பிளக்கும் சத்தமும் ஒழுங்கின்மையும் சேர்ந்த நிலையைக் குறிப்பவை. தீபாவளிக்கு முதல் நாள் மாலை கொழும்பு புறக்கோட்டையில் நின்று பார்த்தவருக்கு அகராதி தேவையில்லை. நடைபாதை வியாபாரி விலை கூவுவார், நாட்டாமிமார் வண்டியைத் தள்ளிக்கொண்டு வழி கேட்டுக் கத்துவார்கள், நடுவில் முச்சக்கர வண்டிகளின் ஹோர்ன் வேறு.

பெட்லம் உண்மையில் ஓர் இடப்பெயர். 1247இல் லண்டனில் தொடங்கிய பெத்லகேம் மாதா மடம் பின்னாளில் மனநோயாளிகளுக்கான மருத்துவமனையானது. பெத்லகேம் என்ற பெயர் மக்கள் வாயில் தேய்ந்து பெட்லம் ஆயிற்று. அங்கிருந்த நோயாளிகளை வேடிக்கை பார்க்கவே வெளியார் வந்துபோன காலமும் உண்டு. அது தெரிந்த பிறகு இந்தச் சொல்லை விளையாட்டாக எழுத எனக்குக் கை வருவதில்லை.

நம் ஆசிரியர்கள் "இதென்ன வகுப்பா, மீன் சந்தையா?" என்று கேட்பதும் இதே வழிதான்: இடத்தின் பெயர் இரைச்சலின் பெயராகிவிடுகிறது.

பாண்டிமோனியம் கவிஞர் மில்டன் உருவாக்கிய சொல். 1667இல் வெளிவந்த 'பாரடைஸ் லொஸ்ட்' காவியத்தில் அது நரகத்தின் தலைநகர். கிரேக்கத்தில் 'பான்' என்றால் எல்லாம். அடுத்த பாதி பேய்களைக் குறிக்கிறது.

சரி, ஒழுங்கின்மையைக் குறிக்கும் இன்னோர் ஆங்கிலச் சொல்லான கேயாஸ்? அதற்குச் சத்தமே வேண்டாம், கலைந்து கிடக்கும் மேசை லாச்சி போதும்.

கொரோனாக் காலத்தில் பழகிய பாண்டமிக் என்ற சொல்லோடு பலர் பாண்டிமோனியத்தைக் குழப்புகிறார்கள். 'பான்' மட்டும்தான் பொது. பாண்டமிக்கில் இருப்பது 'டெமோஸ்', அதாவது மக்கள், பேய் அல்ல.